பொன்னியின் செல்வனும் எங்க ஊர் கோயில் சுவரும்

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலையே காட்டலை. போன வாரம் லீவு போட்டுட்டு விருத்தாசலம் போயிருந்தேன். ராத்திரி டிவியில 'பொன்னியின் செல்வன்' ரெண்டாம் பாகம் ஓடிக்கிட்டிருந்தது. கடைசியில மதுராந்தகனுக்கு முடிசூட்டற சீன் வந்ததும் எங்க ஆயா ரிமோட்டை எடுத்து டிவியை அணைச்சுட்டு, "போய் படுங்கடா"ன்னுடுச்சு.

2023ல படம் வந்ததிலிருந்து எங்க வீட்ல இதே கதைதான். அந்த சீன் வந்தா டிவி ஓடாது.

ஆயாவுக்கு எண்பது வயசு. கல்கி பத்திரிகையில இந்தக் கதை மறுபடி தொடரா வந்தப்போ வாராவாரம் பக்கத்தைக் கிழிச்சு, ஊசி நூலால கோத்து, அப்புறம் அஞ்சு பாகமா பைண்டு பண்ணி வெச்ச ஆளு. எங்க வீட்ல வேற எந்த சொத்தை வேணா தொடலாம், அந்த அஞ்சை மட்டும் தொட முடியாது. நான் பத்தாவது லீவுல படிச்சப்போ கூட "எச்சி தொட்டு பக்கம் திருப்பாத"ன்னு பக்கத்துல உக்காந்து காவல் காத்துச்சு.

அதனால 30 செப்டம்பர் 2022, முதல் பாகம் ரிலீசான அன்னிக்கு குடும்பத்தோட தியேட்டருக்குப் போனோம். ஒரே வீட்லேர்ந்து போன நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம். கொசுவத்தியை கொஞ்சம் சுத்திக்குங்க.

என் தங்கச்சி புக்கைத் தொட்டதே இல்லை. அவளுக்கு கார்த்தி வர்ற சீன் எல்லாம் ஜாலி, த்ரிஷாவும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிக்கிற சீன் செம. ஆனா இடைவேளையில என் கையைப் பிடிச்சுகிட்டு, "யாருண்ணா யாருக்கு என்ன வேணும்? பெரிய பழுவேட்டரையர் ராஜாவா மந்திரியா?"ன்னு கேட்டா. பாதி தமிழ்நாடு அன்னிக்கு பக்கத்து சீட்டுக்காரனை இதைத்தான் கேட்டிருக்கும்.

நான் புக் படிச்சவன். எனக்கு ஆரம்பமே இடிச்சுது. கதையில வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரை மேல குதிரையில வருவான். அதாங்க இப்போ வீராணம். முதலாம் பராந்தகன் காலத்துல வெட்டின ஏரி. எங்க கடலூர் மாவட்டம். 2004லேர்ந்து சென்னைக்கு குடிதண்ணி இங்கேர்ந்துதான் போகுது. ஆக சென்னையில ஆணி புடுங்குற நாங்க எல்லாம் தினமும் காலைல கல்கியோட முதல் அத்தியாயத்தைத்தான் குடிக்கிறோம் :-) படத்துல அந்த ஏரிக்கரைக்கு முன்னாடி ராஷ்டிரகூடர்களோட ஒரு சண்டை. ஹீரோவை குதிரையில சும்மா அனுப்பினா ஆகாது, அனுப்பினவனையும் முதல்லயே காட்டணும்னு மணிரத்னம் நினைச்சிருக்கார். காரணம் புரியுது. மனசு கேக்கலை.

அப்பா ரிட்டயர்டு. முப்பது வருஷம் செராமிக் பேட்டையில வேலை. பியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரைக்கும் பார்த்தவர். அவர் தீர்ப்பு ஒரே வரி. "களிமண் கூழை அச்சுல ஊத்தி எடுத்தா காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில இன்னும் கொஞ்சம் சுருங்கும். அச்சு அளவுக்கே பொம்மை வேணும்னா எப்படிடா?" ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல இருக்கிற கதை, ரெண்டு பாகமும் சேர்த்து ஏறக்குறைய அஞ்சரை மணி நேரப் படம். அப்பா சொல்றதும் நியாயம்தானே.

ஆயா முதல் பாகத்துல ஒண்ணும் சொல்லலை. 28 ஏப்ரல் 2023, ரெண்டாம் பாகம். கடம்பூர் மாளிகை சீன் ஓடிக்கிட்டிருக்கு. திடீர்னு இருட்டுல சத்தமா ஒரு குரல்: "டேய், மணிமேகலை எங்கடா?"

முன் சீட்ல நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. கந்தமாறனோட தங்கச்சி மணிமேகலைக்கு படத்துல இடமே இல்லை. புக் படிச்சுட்டு அவளுக்காக அழுத பாட்டிகள் எத்தனை லட்சமோ. (இங்கிலீஷ்காரனுக்கும் இந்த சோகம் உண்டு. 2001ல 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் படம் வந்தப்போ டாம் பாம்படில்ங்கற பாத்திரத்தை பீட்டர் ஜாக்சன் மொத்தமா தூக்கிட்டார். புக் ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லி புலம்பிக்கிட்டிருக்காங்க.)

ஆனா ஆயாவோட உண்மையான கோபம் மணிமேகலைக்கு இல்லை. முடிசூட்டு சீனுக்கு.

இனிமே கதையோட முடிச்சைச் சொல்லப் போறேன். புக் வந்து எழுபது வருஷம் ஆச்சு, அதனால என்னைத் திட்டக்கூடாது.

கல்கி கதைப்படி, கண்டராதித்த சோழரோட ராணி செம்பியன் மாதேவிக்கு பிறந்த குழந்தை செத்துடுச்சுன்னு நினைச்சு, வேற ஒரு குழந்தையை அந்த இடத்துல வளர்க்கறாங்க. அவன்தான் மதுராந்தகன், ராஜ்யத்துக்கு ஆசைப்படறவன். செத்ததா நினைச்ச குழந்தை பிழைச்சு, பூ கட்டற வீட்ல, தேவாரம் பாடிக்கிட்டு வளருது. அவன்தான் சேந்தன் அமுதன். கடைசியில உண்மை தெரிஞ்சு, அருள்மொழிவர்மன் தன் தலைக்கு வர வேண்டிய கிரீடத்தை சேந்தன் அமுதன் தலையில வைக்கிறான். அவன் உத்தம சோழன் ஆகறான். 'தியாக சிகரம்'னு அஞ்சாம் பாகத்துக்குப் பேர் வெச்சதே அதுக்குத்தான்.

படத்துல இந்தக் குழந்தை மாற்றமே கிடையாது. ரகுமான் நடிச்ச மதுராந்தகன்தான் செம்பியன் மாதேவியோட சொந்தப் பிள்ளை. கிரீடமும் அவனுக்கே. சேந்தன் அமுதன் சின்னப் பாத்திரமா வந்து போயிடறான்.

"பூக்காரப் பையனை ஏமாத்திட்டானுங்க. சரித்திரத்தையே மாத்திட்டானுங்க"ன்னு ஆயாவுக்கு ஆத்திரம். ஆயாவுக்கு மட்டுமில்லை. அப்போ நான் கேட்ட பாதிப் பேர் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. சரித்திரத்தை மாத்திட்டாங்களாம்.

இங்கதான் எனக்கு வாய் சும்மா இருக்கலை. "ஆயா, அவங்க மாத்தினது சரித்திரத்தை இல்லை, கல்கியை. கல்கிதான் சரித்திரத்தை மாத்தினாரு"ன்னு சொல்லிட்டேன். அவ்வ்வ்வ்... ரெண்டு நாள் எனக்கு காபி கிடையாது.

சரி, மேட்டருக்கு வருவோம். சரித்திரம் என்னதான் சொல்லுது?

முதலாம் பராந்தகனுக்கு மூணு பிள்ளைங்க இந்தக் கதைக்கு முக்கியம். மூத்தவன் இராஜாதித்தன் 949ல தக்கோலம் போர்ல செத்துட்டான். அடுத்தவர் கண்டராதித்தர். அவர் சுமார் 957ல காலமானப்போ மகன் ரொம்ப சின்னப் பையன் போலிருக்கு. அதனால பட்டம் தம்பி அரிஞ்சயனுக்கும், அப்புறம் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போச்சு. சுந்தர சோழனோட மூத்த மகன் ஆதித்த கரிகாலன் 970ஐ ஒட்டி கொலை செய்யப்படறான். தம்பி அருள்மொழி இருக்கும்போதே, கண்டராதித்தரோட மகன் உத்தம சோழன் அரியணை ஏறி 985 வரைக்கும் ஆள்றான். அதுக்கப்புறம்தான் அருள்மொழி ராஜராஜனா வர்றான்.

அருள்மொழி ஏன் விட்டுக்கொடுத்தான்? அவன் மகன் ராஜேந்திரன் காலத்து திருவாலங்காட்டுச் செப்பேட்டுல இதுக்கு ஒரு பதில் இருக்கு. மக்கள் வேண்டிக் கேட்டும், தன் சிற்றப்பனுக்கு ராஜ்யத்துல ஆசை இருக்கிற வரைக்கும் தனக்கு வேண்டாம்னு அருள்மொழி சொல்லிட்டானாம். மகன் காலத்துல எழுதினது, அப்பாவைப் பத்தி நல்லவிதமாத்தானே எழுதுவான்னு சந்தேகப்படறவங்க படலாம்.

சந்தேகப்பட்டவங்க இருக்காங்க. அதுக்குக் காரணம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு. இதுவும் எங்க மாவட்டம்தான். ராஜராஜனோட ரெண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987ஐ ஒட்டி. ஆதித்த கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் சொல்லி, அவங்க சொந்தக்காரங்க சொத்தைப் பத்தி ராஜா போட்ட உத்தரவு அதுல இருக்கு. ஆமாங்க, கதையில ஆந்தை மாதிரி கத்திக்கிட்டு திரியற ரவிதாசன் நிஜத்துல இருந்த ஆள். சாதாரண ஆளும் இல்லை. பஞ்சவன் பிரம்மாதிராஜன்னு பட்டம் வாங்கின அதிகாரி.

இப்போ கணக்கு போடுங்க. கொலை 970 வாக்குல. நடவடிக்கை 987 வாக்குல. நடுவுல ஏறக்குறைய 16 வருஷம் ராஜாவா இருந்தது யாரு? உத்தம சோழன். அப்போ அவனுக்கும் இதுல கை இருக்கணும்னு நீலகண்ட சாஸ்திரி தன்னோட சோழர் வரலாற்றுல சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மாதிரி வேற ஆராய்ச்சியாளர்கள் அதை ஏத்துக்கலை. 

எனக்கு லாக் ஃபைல் படிச்சுப் படிச்சு பழக்கம். பிழை நடந்த நேரத்தை மட்டும் பார்த்தா போதாது, அதுக்குப் பின்னாடி சிஸ்டம் எப்படி நடந்துக்குதுன்னும் பார்க்கணும். அப்படிப் பார்த்தா, ராஜராஜன் ஆட்சிக்கு வந்த பிறகும் செம்பியன் மாதேவி மரியாதையோட இருக்காங்க. 1001 வாக்குல வரைக்கும் கோயில்களுக்குக் கொடை கொடுத்துக்கிட்டே இருக்காங்க. உத்தம சோழனோட மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன்கிட்டயே அதிகாரியா இருந்து கோயில் கணக்கு வழக்குகளை விசாரிக்கிறான். அதுக்கும் பின்னாடி 1019ல, ராஜராஜனோட மகன் ராஜேந்திரன் காலத்துல, நாகப்பட்டினம் பக்கம் அந்தம்மா பேர்ல இருக்கிற ஊர் கோயில்ல அவங்களுக்கு உருவச்சிலை வெச்சு வழிபாட்டுக்கும் ஏற்பாடு பண்றாங்க. சொந்த அண்ணனைக் கொன்னவனோட தாயையும் மகனையும் ஒருத்தன் இப்படியா வெச்சிருப்பான்? எனக்கு நம்பிக்கை வரலை.

சாஸ்திரியோட சந்தேகத்தை கல்கியும் தெரிஞ்சுதான் எழுதியிருப்பார்னு வெச்சுக்கிட்டா, அந்தக் குழந்தை மாற்றத்துக்கு ஒரு புது அர்த்தம் கிடைக்குது. ஆராய்ச்சியாளர் உத்தம சோழனை குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டார். கல்கி அந்த ஒரு ஆளை ரெண்டா பிரிச்சார். ராஜ்ய ஆசை எல்லாம் ஒருத்தனுக்கு. கிரீடம் ஆசையே இல்லாத இன்னொருத்தனுக்கு. கொலைக்கும் உத்தம சோழனுக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆயிடுச்சு. கதாசிரியர் போட்ட வக்கீல் வாதம்னா இதுதான். ஆயா பூக்காரப் பையனுக்காக அழுதது சும்மா இல்லை.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையைக் கொடுத்தது யாருன்னா, செம்பியன் மாதேவி.

விருத்தாசலத்துக்கு பழைய பேர் திருமுதுகுன்றம். விருத்தகிரீஸ்வரர் கோயிலை கல்லால கட்டினது இந்தம்மாதான். உத்தம சோழனோட ஆட்சியில, 981ஐ ஒட்டி. எங்க ஊர் மட்டுமில்லை, கோனேரிராஜபுரம், குத்தாலம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல்னு அவங்க கல்லால எடுத்த கோயில் நிறைய. இந்தக் கல்வெட்டுகள்ல அவங்களை எப்படி அறிமுகப்படுத்துறாங்க தெரியுமா? கண்டராதித்தரோட தேவி, உத்தம சோழரை வயிற்றில் பெற்றவர். திரும்பத் திரும்ப ஊர் ஊரா இதே அறிமுகம்தான். அதான் அவங்க அடையாள அட்டை.

கதையில அதே அம்மா, தன் பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சும் ஒரு பையனை மகன்னு உலகத்துக்கு காட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெந்துகிட்டு இருக்காங்க. எழுபது வருஷமா நம்ம மனசுல பதிஞ்சிருக்கிறது இந்த அம்மாதான். கல்லுல எழுதினது ஒண்ணு, நாம நம்பறது வேற. படம் பார்த்துட்டு "சரித்திரத்தை மாத்திட்டான்"னு கத்தினவங்க எல்லாம் அந்தம்மா கல்லுல எழுதி வெச்சதைத்தான் தெரியாம மறுத்துக்கிட்டிருந்தாங்க. படம் மத்த எத்தனையோ இடத்துல சறுக்கியிருக்கலாம். இந்த ஒரு இடத்துல, பெத்த பிள்ளையை தாய்கிட்ட திருப்பிக் கொடுத்திருக்கு.

அதுக்காக கல்கி மேல தப்புன்னு சொல்ல மாட்டேன். அவர் மறைக்கலை. 1950லேர்ந்து 1954 வரைக்கும் தொடர் வந்து முடிஞ்சப்போ, கதை பொசுக்குன்னு முடிஞ்சுடுச்சு, அவங்க என்ன ஆனாங்க, இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் குறைப்பட்டிருக்காங்க. அதுக்குன்னே ஒரு முடிவுரை எழுதி பதில் சொன்னார். ஆக அபிப்பிராய சண்டை படத்தோட வந்ததில்லை, கதையோட கூடப் பிறந்தது. கொலை செஞ்சது யாருன்னு கல்கி மூடி வெச்சார், படம் நம்ம கண் முன்னாடி ஒரு பதிலைக் காட்டிடுச்சு. அதுக்கும் சண்டை. பதில் சொல்லாட்டியும் தப்பு, சொன்னாலும் தப்பு.

டிவி அணைஞ்ச மறுநாள் காலையில ஆயாவை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எப்பவும் போற கோயில்தான். ஆழத்துப் பிள்ளையாரை மேலேர்ந்தே கும்பிட்டுச்சு, படி இறங்க முடியலை. அப்புறம் பிராகாரம் சுத்தும்போது கருவறைச் சுவர்கிட்ட நிறுத்தி, எழுத்தைக் காட்டினேன். எனக்கும் படிக்க வராது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து. ஆனா சொல்றதுக்கு விஷயம் இருந்தது.

"ஆயா, தேவாரம் பாடினவங்க பார்த்த கோயில் இது இல்லை. அதுக்கப்புறம்தான் இந்தம்மா கல்லால எடுத்தாங்க. அப்பவும் நம்ம ஊர்ல ஒரு ஆயா 'பழைய கோயில் மாதிரி வருமா'ன்னு முனகியிருக்கும்"ன்னேன்.

ஆயா முறைச்சுது.

"ஆனா ஒண்ணு ஆயா. திருக்கோடிக்காவல்ல பழைய கோயிலை எடுத்துட்டு புதுசு கட்டறப்போ, பழைய கல்லுல இருந்த எழுத்தை எல்லாம் படி எடுத்து புதுச் சுவர்ல மறுபடி வெட்டி வெச்சாங்க இந்தம்மா. இது பழைய கல்லோட நகல்னு அதுலயே எழுதியிருக்கு." எங்க பாஷையில சொன்னா பேக்கப் எடுக்காம சர்வர்ல கை வைக்கலை. இதை நான் வேலை பார்க்கிற புராஜெக்ட்ல நாலு பேருக்கு இன்னிக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியலைங்கறது தனி சோகம்.

புதுசா எதை வேணா கட்டலாம்னு இப்போ எனக்குத் தோணுது. கல்கி சரித்திரத்தை எடுத்துக் கட்டினார். மணிரத்னம் கல்கியை எடுத்துக் கட்டினார். நாளைக்கு இன்னொருத்தர் வெப் சீரிஸ் எடுப்பார். பழசோட படி பக்கத்துல பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான். கல்கியோட எழுத்து 1999லயே நாட்டுடைமை ஆயிடுச்சு, புக் எங்கயும் போகாது. ஆயாவோட அஞ்சு பைண்டும் பீரோவுலதான் இருக்கு. நிஜமா கவலைப்பட வேண்டியது சுவத்துல இருக்கிற மூணாவது படிக்குத்தான். அதை யாரும் படிக்கிறதில்லை. அதுக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டே "படத்துல சரித்திரம் தப்பு"ன்னு பேசறோம். நானும்தான்.

ஆயா ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் விரலால தொட்டுப் பார்த்துட்டு, "அம்பது வருஷமா இந்தச் சுவரைச் சுத்தறேன். பிள்ளையைப் பெத்தேன், பெத்தேன்னு ஊரெல்லாம் எழுதி வெச்சிருக்கா. என்னாத்தைக் கேட்டாளோ மகராசி"ன்னுச்சு.

கொஞ்சம் கழிச்சு, "கல்கி பொய் சொன்னாருன்னு மட்டும் எழுதிடாத. கதை சொன்னாரு"ன்னுச்சு.

எழுதலை ஆயா. பார்த்துக்கோ.

டிஸ்கி: இவ்வளவு பேசின பிறகாவது மனசு மாறியிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி மொபைல்ல அந்த முடிசூட்டு சீனைப் போட்டுக் காட்டினேன். அருள்மொழி கிரீடத்தைக் கையில எடுக்கிற வரைக்கும் ஆயா பார்த்துச்சு. அப்புறம் மொபைலைப் பிடுங்கி கவுத்து வெச்சுட்டு, "அதெல்லாம் சரிடா, பூக்காரப் பையன் எங்க?"ன்னுச்சு :-)